டிஸ்சார்ஜ் நாளன்று பயிற்சி யாருக்கு: செவிலியருக்கா, வீட்டாருக்கா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். செவிலியர் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். பாடவேளை போக மீதி நேரம் மாணவியரோடு வார்டில் கழிகிறது. வரும் செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளன்று, ஊழியர் அனைவருக்கும் ஒருநாள் பயிற்சி நடத்தும் பொறுப்பை எங்கள் மருத்துவமனையின் தரக்குழு என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. வரவேற்புரை, படக்காட்சி, வினாடி வினா, சான்றிதழ், மதிய உணவு என நிகழ்ச்சி நிரலும் வழக்கம்போல் தயாராகிவிட்டது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

2019இல் உலக சுகாதாரப் பேரவை இந்த நாளை அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் கருப்பொருளே நோயாளிகளையும் வீட்டாரையும் பங்கேற்க வைப்பது என்பதுதான். ஆயினும் நான் கலந்துகொண்ட எந்தப் பயிற்சி அரங்கிலும் ஒரு நோயாளியையோ, அவருக்குத் துணையிருக்கும் மகளையோ கண்டதில்லை. கை கழுவும் முறை, பெயரையும் வயதையும் கேட்டு உறுதிசெய்த பிறகே ஊசி போடுவது, ஊசிக் கழிவைப் பிரித்துப் போடுவது ஆகியவற்றை ஊழியருக்குச் சொல்லித்தருகிறோம், அவை தேவைதான். ஆனால் நோயாளி வார்டை விட்டு வெளியேறிய பிறகு செவிலியரின் வேலையை வீட்டிலிருப்பவர்தான் செய்கிறார். இன்சுலின் போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மூக்குக் குழாய் வழியே கஞ்சி கொடுப்பது எல்லாம் அவர் கைக்குப் போய்விடுகின்றன. அவருக்கு நாம் தரும் பயிற்சியோ, சீட்டைக் கையில் கொடுத்து, "எல்லாம் இதில் எழுதியிருக்கிறது, பத்து நாள் கழித்து ஓ.பி.க்கு வாருங்கள்" என்று சொல்வதோடு முடிந்துபோகிறது. மருத்துவர் சொல்லும் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை உடனே மறந்துபோகிறது என்றும், நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழப் பாதி தவறாகவே நிற்கிறது என்றும் இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. நம் டிஸ்சார்ஜ் பேச்சு அந்தக் கணக்கை விடச் சிறப்பாக இருக்கும் என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

என் யோசனை இதுதான். செவிலியரையும் வீட்டாரையும் தனித்தனியே பயிற்றுவிப்பதை விட்டுவிட்டு, நோயாளியின் படுக்கையருகே ஒரே வேளையில் பயிற்றுவிக்கலாம். செவிலியர் சொல்லித்தருவார், வீட்டார் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லிச் செய்தும் காட்டுவார். அதில் பிழை நேர்ந்தால் அதை வீட்டாரின் தோல்வியாகக் கொள்ளாமல், செவிலியர் சொல்லித்தந்த முறைக்குக் கிடைத்த மதிப்பெண்ணாகக் கொள்ள வேண்டும். வினாடி வினாவில் இருபதுக்கு இருபது வாங்கும் செவிலியரின் நோயாளி வீட்டில் ஊசியைத் தவறாகப் போட்டுக்கொண்டால் அந்த இருபதுக்கு என்ன பொருள்? இதைச் செய்து பார்த்தவர்கள், செய்து கைவிட்டவர்கள் இருவருமே எழுதுங்கள்.

நொய்யல்:

பொது மருத்துவன் நான். அம்மா சொல்வதன் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை, வழியோடு உண்டு. கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் வரையறை. முப்பது படுக்கை வார்டை ஒருவரோ இருவரோ பார்த்துக்கொள்ளும் இடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவரிடம் போய், ஒவ்வொரு வீட்டாரையும் திருப்பிச் சொல்ல வையுங்கள் என்றால் பதிவேட்டில் "சொல்ல வைத்தேன்" என்று ஒரு டிக் விழும், அவ்வளவுதான்.

இது வெறும் மனக்கசப்பில் எழும் பேச்சன்று. அறுவை அரங்குக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நகரங்களில், அவற்றில் நம் புதுதில்லியும் ஒன்று, அதை முயன்று பார்த்து 2009இல் வெளியிட்ட முடிவில் இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11இலிருந்து 7 ஆகவும் குறைந்தன. அதே பட்டியலைக் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கிய பின், 101 மருத்துவமனைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பட்டியல் அதேதான்; முதலில் சொன்ன எட்டு நகரங்களில் குழு கூடி நின்று பேசியது, ஒன்ராறியோவில் ஆணை வந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பயிற்சியை விடப் பொருளின் அமைப்பை மாற்றுவதில்தான் எனக்கு நம்பிக்கை. வின்கிரிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை இரத்தக்குழாயில் செலுத்த வேண்டும். முதுகுத்தண்டில் செலுத்திவிட்டால் பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. இது தெரிந்த மருத்துவர்கள் கையாலேயே அந்தத் தவறு பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்தது. எச்சரிக்கைச் சீட்டும் வகுப்பும் அதை நிறுத்தவில்லை. சிரிஞ்சில் தராமல் சிறு பையில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஏற்றும்படி மாற்றிய இடங்களில் அந்தத் தவறு செய்வதற்கே வழியில்லாமல் போயிற்று. நீர்க்கச் செய்யாமல் செலுத்தினால் இதயத்தையே நிறுத்திவிடும் செறிந்த பொட்டாசியம் குளோரைடை வார்டு அலமாரியிலிருந்து எடுத்துவிட்டதும் அப்படித்தான்.

கீழமாசி:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். சர்க்கரை நோயுள்ள தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள். டாக்டர் ஐயா சொன்ன 'பொருளின் அமைப்பு' வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

அம்மாவுக்கு முதன்முதலாக இன்சுலின் தொடங்கியபோது வார்டில் இருந்த செவிலியர் பொறுமையாகவே சொல்லித்தந்தார். காலையில் 20 யூனிட், இரவில் 12 யூனிட், சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு, வயிற்றில் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பதையெல்லாம் எழுதியும் கொடுத்தார். சில மாதங்கள் சிக்கலில்லை. ஒருமுறை வழக்கமான குப்பி கடையில் இல்லாததால், அதே பெயருள்ள மருந்தை, பேனா வடிவில் இருக்கும் இன்சுலின் ஊசிக் கருவிக்கான சிறு கண்ணாடிக் குழாயாகக் கொடுத்தார்கள். எங்களிடம் பேனா இல்லை. வீட்டிலிருந்த சிரிஞ்சாலேயே அதிலிருந்து 20 வரை இழுத்துப் போட்டுக்கொண்டார் அம்மா. ஒரு மணி நேரத்துக்குள் உடலெல்லாம் வியர்த்து, நைட்டி நனைந்து, என்னை யாரென்றே தெரியாமல் பேசத் தொடங்கினார். பக்கத்து வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்ததால் பிழைத்தார். பிறகுதான் அந்தக் குழாயில் இருந்தது வேறு அடர்த்தி என்று எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனையையோ கடையையோ குறை சொல்ல நான் எழுதவில்லை. சீட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு வரியையும் நாங்கள் பின்பற்றினோம். சீட்டில் இல்லாத ஒன்றுதான் எங்களை வந்து தாக்கியது.

அருமருந்து:

மருந்தாளுநர் என்ற முறையில் மேலே சொல்லப்பட்டதை விளக்கிவிடுகிறேன். ஏனெனில் இந்தியாவில் இன்சுலின் போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் அடர்த்தி கொண்டது. அதற்கென்றே அளவிடப்பட்ட சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனாவில் பொருத்தும் குழாயும் சில குப்பிகளும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்டவை; அந்த அளவுக்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்னும் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை மில்லிலிட்டர். நாற்பது அடர்த்தி மருந்தானால் அது 20 யூனிட். நூறு அடர்த்தி மருந்தானால் 50 யூனிட். அதாவது இரண்டரை மடங்கு. சகோதரியின் தாயாருக்கு நேர்ந்தது இதுதான். மறுபக்கத் தவறும் நடப்பதுண்டு: நாற்பது அடர்த்தி மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட் மட்டுமே. அப்படிப் போட்டுக்கொண்டவர் மயங்கி விழ மாட்டார். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், பிறகு யாரோ ஒரு நாள் சரியான சிரிஞ்சை வாங்கிக் கொடுப்பார்கள். அப்போது என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆகவே, "இருபது போடுங்கள்" என்று சொல்லித்தருவது பாதிப் பயிற்சிதான். குப்பியின் மேலுள்ள 40 அல்லது 100 என்னும் எண்ணை வீட்டார் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு சிரிஞ்சின் மேலுள்ள எண்ணைத் தொட்டுக் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றானால்தான் ஊசியை உறையிலிருந்து எடுக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இரண்டு எண்கள் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவார். கடையில் நாங்களும் இதைக் கேட்டாக வேண்டும். ஆனால் மாலை ஏழு மணிக்கு மருந்துக்கடை முன் நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன்.

நொய்யல்:

மருந்தாளுநர் ஐயா என் வாதத்தைத்தான் வலுப்படுத்துகிறார். பல நாடுகள் நூறு அடர்த்தி ஒன்றையே வைத்துக்கொண்டு மற்றதை விலக்கிவிட்டன. இங்கும் அப்படிச் செய்தால் இந்தத் தொட்டுக்காட்டும் பாடமே வேண்டியதில்லை.

பொருநைக்கரை:

உண்மைதான் ஐயா, அது நடந்தால் முதலில் மகிழ்பவள் நான். அது நடக்கும் நாள் வரை சகோதரியின் தாயார் போன்றவர்கள் காலையும் இரவும் ஊசி போட்டுக்கொண்டுதான் இருக்கப் போகிறார்கள். அமைப்பு மாறிய பின்னும் பழைய சிரிஞ்சு வீட்டு அலமாரியில் கிடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாறும் காலத்தில்தான் குழப்பம் கூடும்.

தேம்ஸ்கரை:

இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரிகிறேன், படித்தது தமிழ்நாட்டில். பேச்சு முழுவதும் 'வீட்டார் எதைக் கற்க வேண்டும்' என்ற பக்கமாகவே போகிறது. வீட்டார் எதைச் சொன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற மறுபாதியையும் பேச வேண்டும்.

2021இல் மார்த்தா மில்ஸ் என்னும் 13 வயதுச் சிறுமி, சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடிபட்டு, லண்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டு, அங்கேயே தொற்று இரத்தத்தில் பரவி இறந்தாள். நிலைமை மோசமாகிறது என்று பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லியும் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உரிய நேரத்தில் மாற்றப்படவில்லை. தாய் மெரோப் மில்ஸ் நடத்திய இயக்கத்தின் விளைவாக 2024இல் 'மார்த்தாவின் விதி' இங்கிலாந்தின் 143 மருத்துவமனைகளில் தொடங்கியது. அதன்படி நோயாளியிடமோ வீட்டாரிடமோ, நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறது என்று நாள்தோறும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கவலை தீரவில்லையென்றால், அந்த வார்டின் மருத்துவரைத் தாண்டி, வேறொரு தீவிர சிகிச்சைக் குழுவை வீட்டாரே தொலைபேசியில் அழைக்கலாம். ஊழியருக்கும் அதே உரிமை உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரயன் சாண்டர்ஸ் என்னும் குழந்தையின் பெயரால் இதே போன்ற விதி அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது.

ஊழியருக்கும் அந்த உரிமை ஏன் தேவை என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2005இல் எலைன் புரோமிலி என்னும் பெண், மூக்கின் பக்க அறைகளுக்கான சாதாரண அறுவைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டபோது மூச்சுப் பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாயைச் செலுத்த முயன்றுகொண்டே இருந்தார்கள். கழுத்தில் துளையிடும் கருவியை ஒரு செவிலியர் எடுத்துவந்து தயாராக வைத்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டு வைத்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எலைன் சில நாட்களில் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி விமானி. விமான ஓட்டி அறையில் இளையவர் மூத்தவரைத் தடுத்து நிறுத்துவதற்கே தனிப் பயிற்சி இருக்க, அறுவை அரங்கில் ஏன் இல்லை என்று கேட்டவர் அவர். பின்னர் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் ஒரு குழுவையும் தொடங்கினார்.

இப்போது எங்களுக்குத் தரும் பயிற்சியில் மூன்று படிகள் உண்டு. முதலில், "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டும். கேட்கவில்லையென்றால், "இது எனக்குச் சரியாகப் படவில்லை". அதற்கும் அசையவில்லையென்றால், "இது நோயாளிக்கு ஆபத்து, நிறுத்துங்கள்". வாசித்துவிட்டுப் போனால் வராது. இருவர் இருவராக நின்று, ஒருவர் கடுகடுத்த மருத்துவராக நடிக்க, மற்றவர் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். ஊரில் படித்த காலத்தில் ரவுண்ட்ஸ் வரும் பேராசிரியர் முன் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்ல செவிலியருக்கு அடையாளம் என்று பழக்கப்பட்ட எனக்கு, அந்த மூன்றாம் வாக்கியத்தைச் சொல்ல நெடுநாள் பிடித்தது.

நொய்யல்:

மூத்தவர், இளையவர் என்னும் படிநிலை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகனில் மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் செய்ததும் அதுவே. மையச் சிரை வடிகுழாய், அதாவது இதயத்தை ஒட்டிய பெரிய இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய், போடும்போது கை கழுவுவது முதலான ஐந்து செயல்களில் ஒன்றை மருத்துவர் விட்டுவிட்டால் செவிலியர் தடுத்து நிறுத்தலாம் என்ற அதிகாரத்தைக் கொடுத்தார். 2006இல் வெளியான முடிவில், ஆயிரம் வடிகுழாய் நாட்களுக்கு 2.7 என்றிருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு, மூன்று மாதங்களில் சுழியத்துக்கு வந்தது. கை கழுவ வேண்டும் என்பது அங்கிருந்த எந்த மருத்துவருக்கும் புதிய செய்தியன்று. தடுக்கும் அதிகாரம்தான் புதிது.

ஆனால் நம் நாட்டுச் சான்றையும் வைத்துப் பேசுவோம். உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களில், பாதியில் பிரசவப் பாதுகாப்புப் பட்டியலோடு பயிற்றுநர்களையும் அனுப்பி, மீதியை வழக்கம்போல் விட்டு ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2017இல் வெளியானது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். இரண்டு மாதம் முடிந்தபோது, பயிற்றுநர் வந்த இடங்களில் செய்ய வேண்டியவற்றுள் 73 விழுக்காடு செய்யப்பட்டது. மற்ற இடங்களில் 42. பன்னிரண்டாம் மாதத்தில், அதாவது பயிற்றுநர் வருகை நின்ற பிறகு, அந்த 73 சரிந்து 62க்கு வந்துவிட்டது. தாய், சேய் இறப்பிலும் கடும் சிக்கல்களிலும் வேறுபாடே இல்லை: 15.1 விழுக்காடு, 15.3 விழுக்காடு. பழக்கம் மாறியது, விளைவு மாறவில்லை. செப்டம்பர் 17 அன்று அம்மா அரங்கில் என்ன செய்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும்.

காவிரி வடகரை:

பொதுச் சுகாதாரத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். டாக்டர் தம்பி சொன்ன ஆய்வை நானும் படித்தேன். இரத்தம் இல்லாத, அறுவைக்கு ஆள் இல்லாத, மேல் மருத்துவமனைக்கு அனுப்ப நேரமாகும் இடத்தில், கை கழுவும் பழக்கம் மட்டும் தாயைக் காப்பாற்றாது என்றுதான் அதை நான் வாசித்தேன். பயிற்சி பயனற்றது என்று அதிலிருந்து முடிவுகட்ட மாட்டேன். பயிற்சியின் விளைவு ஏறிப்போய் நிற்க ஒரு படி வேண்டும். அங்கே அது இல்லை.

தமிழ்நாட்டு அனுபவம் வேறு. பிரசவ மரணம் ஒவ்வொன்றையும் துறைக்குத் தெரிவிப்பது இங்கே 1994இல் தொடங்கியது. 2004 முதல் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்வது கட்டாயம். இறந்த பெண்ணின் வீட்டுக்குப் போய், எப்போது வலி கண்டது, யாரிடம் சொன்னீர்கள், வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எந்த மருத்துவமனையில் என்ன பதில் சொன்னார்கள் என்று வீட்டார் வாயாலேயே கேட்டு எழுதுவோம். ஆட்சியர் தலைமையில் நடக்கும் கூட்டத்துக்கு வீட்டாரை வரவழைக்கும் முறையும் உண்டு. பிறகு ஒன்றிய அரசின் வழிகாட்டுதலிலும் அது இடம்பெற்றது. கேஸ் ஷீட்டில் "இரத்தப்போக்கு 9 மணிக்குத் தொடங்கியது" என்று அழகாக எழுதியிருக்கும். மாமியார் வந்து, "ஆறரை மணிக்கே பாவாடை நனைந்துவிட்டது, சிஸ்டரிடம் சொன்னேன்" என்பார். அந்த இரண்டரை மணி நேரம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காத பாடம். அதைக் கேட்ட மருத்துவர் அடுத்த பிரசவத்தில் துணியைத் தூக்கிப் பார்க்காமல் நகர மாட்டார்.

2001 முதல் 2003 வரையான மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 என்றிருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018 முதல் 2020 வரையான கணக்கில் 54. இரத்த வங்கி, 24 மணி நேர அவசரப் பிரசவ மையங்கள், 108 வண்டி எல்லாம் சேர்ந்த பலன் அது. தணிக்கைக்கு மட்டும் முழுப் பங்கையும் கொடுக்க மாட்டேன். ஆனால் வீட்டாரின் வாக்குமூலம்தான் அந்த வசதிகளை எங்கே வைப்பது என்று எங்களுக்குக் காட்டியது. பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதித்தபோதும் முதலில், "கூட்டம் சேரும், தொற்று வரும்" என்று எதிர்ப்பு எழுந்தது. உள்ளே ஒரு கண் கூடுதலாக இருக்கிறது என்பதைப் பிறகு பலரும் விரும்பவே தொடங்கினார்கள்.

கீழமாசி:

பெரியவர் சொன்னதைப் படித்தபோது ஒன்று கேட்கத் தோன்றியது. இறந்த பிறகு எங்களை அழைத்துக் கேட்கும் நீங்கள், உயிரோடு இருக்கும்போது நாங்கள் கேள்வி கேட்டால் ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? "எந்த மாத்திரை எதற்கு?" என்று கேட்டாலே, "கூகுளில் பார்த்துவிட்டு வந்தீர்களா" என்ற பதில் வருகிறது. அப்பாவுக்கு மூட்டுவலி மருந்து கொடுத்தபோதும் அப்படித்தான் ஆயிற்று. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று யாராவது சொல்லுங்கள். வெறுமனே, "கேள்வி கேளுங்கள்" என்ற சுவரொட்டியால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

அருமருந்து:

நியாயமான கேள்வி. 2017இல் உலக சுகாதார நிறுவனம் 'தீங்கில்லா மருந்து' என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது நோயாளிகளுக்கென்றே ஐந்து தருணங்களை வகுத்தது: மருந்தைத் தொடங்கும்போது, உட்கொள்ளும்போது, இன்னொரு மருந்து சேரும்போது, அவ்வப்போது மறுபரிசீலனை செய்யும்போது, நிறுத்தும்போது. இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். மருத்துவர் முன் உட்காரும்போது ஒரே ஒரு வாக்கியம் போதும்: "டாக்டர், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள்" என்று தொடங்கி, நீங்களே திருப்பிச் சொல்லிவிடுங்கள். அதில் குறுக்குக் கேள்வியின் தொனி இராது. எந்த மருத்துவரும் அதற்குச் சினந்து நான் பார்த்ததில்லை.

மூட்டுவலி என்று குறிப்பிட்டீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் என்ற பெயர் சீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே நாள்தான் உட்கொள்ள வேண்டும். அதனோடு தரப்படும் போலிக் அமிலம் என்னும் வைட்டமினும் சிறு மஞ்சள் மாத்திரையாக இருப்பதுண்டு. இரண்டும் இடம் மாறினால், அல்லது 'வாரம் ஒன்று' என்பது 'தினம் ஒன்று' ஆகிவிட்டால், முதலில் வாய்ப்புண் வரும், பிறகு எலும்பு மச்சையின் வேலையே குன்றி இரத்த அணுக்கள் சரியும். ஆகவே கிழமையின் பெயரைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். "ஞாயிறு மட்டும்" என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை.

செவிலியர் கவனிக்க இன்னும் இரண்டு. நிறத்தை வைத்துச் சொல்லித்தர வேண்டாம். "வெள்ளை காலையில், மஞ்சள் இரவில்" என்பது வசதியாகத் தோன்றும். அடுத்த முறை வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்தால் பிரஷர் மாத்திரை ரோஸ் நிறத்தில் இருக்கும், பாட்டி அதைப் புது மருந்தென்று எண்ணிப் பழையதோடு சேர்த்து விழுங்குவார். இரண்டாவது, விரதம். வெள்ளிக்கிழமை, கிருத்திகை, சஷ்டி என்று எந்த நாளில் சாப்பாட்டைத் தவிர்ப்பீர்கள் என்று இன்சுலின் தொடங்கும் அன்றே கேளுங்கள். ஊசியைப் போட்டுக்கொண்டு உணவை விடுகிறவர்களில் எத்தனையோ பேர் மருந்தைத் தவறவிடக் கூடாது என்ற அக்கறையினால்தான் அப்படிச் செய்கிறார்கள்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தரக்குழுவிடம் கொண்டுபோகும் திட்டத்தை ஓரளவு தீட்டியிருக்கிறேன், குறை சொல்லுங்கள்.

அரங்க நிகழ்ச்சியை ஒன்றரை மணி நேரமாகக் குறைக்கிறேன். அதில் தேம்ஸ்கரை சொன்ன மூன்று வாக்கியப் பயிற்சி மட்டும் நடக்கும். ஒப்புக்கொண்டால் மூத்த மருத்துவர் ஒருவரே கடுகடுப்பவராக நடிப்பார். மீதி நாள் முழுதும் வார்டில். எல்லா நோயாளிகளையும் எடுத்துக்கொள்ளாமல், புதிதாக இன்சுலின் தொடங்கியவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டாக்டர் ஐயாவின் முதல் ஆட்சேபத்துக்கு என் பதில் அதுதான்: முப்பது பேரில் அப்படிப்பட்டவர் இருவரோ மூவரோ இருப்பார்கள், தீங்கு அதிகம் நேரக்கூடிய இடத்தில் மட்டும் நேரத்தைச் செலவிடலாம். வீட்டார் செய்து காட்ட வேண்டியவை நான்கு. குப்பி எண்ணும் சிரிஞ்சு எண்ணும் ஒன்றா என்று தொட்டுக் காட்டுவது. கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுவது. சொன்ன அளவைக் குமிழியில்லாமல் இழுப்பது. வியர்வை, நடுக்கம், குழப்பம் கண்டால் சர்க்கரை 70க்குக் கீழா என்று பார்த்து, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

உத்தரப் பிரதேச ஆய்வைக் காட்டி ஐயா கேட்ட கேள்விக்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். டிஸ்சார்ஜான பத்தாம் நாள் அந்த வீட்டுக்கு மாணவி ஒருத்தி தொலைபேசியில் பேசி, சர்க்கரை தாழ்ந்ததா, எந்தச் சிரிஞ்சு வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுவாள். சான்றிதழ் வாங்கியவர் எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்தப் பதில்களையே குழுவின் முன் வைப்பேன். பெங்களூரில் ஓர் இதய மருத்துவமனையில் தொடங்கி வளர்ந்த நூரா ஹெல்த் அமைப்பு வீட்டாருக்குத் தரும் பயிற்சியிலும் வீடு திரும்பிய பிறகு தொடர்பில் இருப்பது ஒரு பகுதி என்று அறிகிறேன்.

நொய்யல்:

இந்த அளவுக்குச் சுருக்கினால் நான் எதிர்க்கவில்லை. ஆனால் 'டிஸ்சார்ஜ் நாள்' என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்களே, அதில்தான் திட்டம் உடையும். காப்பீட்டு ஒப்புதல் மாலையில் வரும். பில்லைக் கட்டி, வண்டி பிடித்து, கடைசிப் பேருந்துக்குள் ஊர் சேர வேண்டும் என்ற பரபரப்பில் இருக்கும் குடும்பத்திடம் ஊசியைக் கையில் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னால் யார் காதில் விழும்? வாசலில் ஆட்டோ நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். இன்சுலின் தொடங்கிய மறுநாள் காலை ஊசியிலிருந்தே வீட்டாரைப் போட வையுங்கள். எப்படியும் அந்த ஊசியை யாராவது போட்டாக வேண்டும். செவிலியர் பக்கத்தில் நின்று பார்த்தால் கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். வீடு போவதற்குள் ஆறேழு முறை செய்து பழகியிருப்பார்கள். கடுகடுக்கும் மருத்துவர் வேடத்துக்கு ஆள் தேவையென்றால், நடிக்கவே தேவையில்லாத சிலரை எனக்குத் தெரியும்.

பொருநைக்கரை:

சரியான திருத்தம் ஐயா, திட்டத்தில் மாற்றிவிட்டேன். காலை ஊசி ஏழரை மணிக்கு, பணி மாறும் நேரத்தை ஒட்டி வருவதால், அதை இரவுப் பணியிலிருப்பவர் கணக்கில் வைப்பதா, காலையில் வருபவர் கணக்கில் வைப்பதா என்று வார்டு பொறுப்புச் செவிலியரிடம் கேட்டுச் சொல்கிறேன். மருந்தாளுநர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: பயன்படுத்தி முடித்த 40, 100 குப்பிகளும் இரண்டு நிற மூடிச் சிரிஞ்சுகளும் பயிற்சிக்குத் தேவைப்படுகின்றன. உங்களால் சேர்த்துத்தர முடியுமா?

அருமருந்து:

குப்பிகள் எளிதில் கிடைக்கும். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுக்குத்தான் சொல்லிவைக்க வேண்டும்; அடுத்த வாரத்துக்குள் அனுப்பிவைக்கிறேன்.